வெள்ளித்தாள் சொன்ன வாக்கு

எங்கள் உறவுக்குள் ஒரு கல்யாணம் நின்றுபோனதற்கு நான்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. யாரும் அதைக் கோபமாகச் சொல்வதில்லை. விசேஷ வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு என்னை அடையாளம் காட்டுவதற்காகச் சொல்வார்கள். "அன்னிக்குக் கிளிப்பை மாத்திப் போட்ட புள்ளை இதுதானுங்க" என்பார்கள். பக்கத்து இலைக்காரர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு ரசத்துக்குத் திரும்பிவிடுவார். அது நடந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. பிற்பாடு படித்து வாங்கிய பட்டங்களைப் பற்றி இன்றுவரை யாரும் எந்தப் பந்தியிலும் பேசியதில்லை.

மண்ணரையில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அப்பாவின் கடை. மோட்டார் காயில் கட்டும் கடை. பனியன் கம்பெனிகளில் தையல் மெஷினை ஓட்டும் மோட்டார்கள் எரிந்துபோனால் அப்பாவிடம்தான் வரும். கருகிய கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, புதுச் செம்புக் கம்பியைச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பார். அந்த வார்னிஷ் வாசனை எங்கள் பள்ளிச் சீருடையில் இருக்கும், தலையணையில் இருக்கும், சில நாள் தயிர்ச் சோற்றில்கூட இருக்கும். திருப்பூரில் கரண்ட் ஒழுங்காக வந்துவிட்டால் நம் வீட்டு அடுப்பு அணைந்துவிடும் என்று அம்மா சொல்வார். மின்வாரியத்தை வாழ்த்திய ஒரே குடும்பம் நாங்களாகத்தான் இருப்போம்.

அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. வீட்டில் படிப்பு வருவது அவளுக்குத்தான் என்று தீர்மானம் ஆகியிருந்தது; எனக்கு வாய் வரும் என்று தீர்மானம். ஒருநாள் அப்பா காயிலின் முனைகளை வெள்ளை நாடாவால் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு இறுக்கம் எதற்கு என்று அக்கா கேட்டாள்.

"கரண்டு ஏறுனா கம்பியைக் கம்பி இழுக்கும் கண்ணு. கட்டி வெக்கலீன்னா ஆடி ஆடியே மேல்தோல் தேஞ்சு போயிரும்" என்றார் அப்பா.

அக்கா உள்ளே ஓடிப்போய் இயற்பியல் புத்தகத்தை எடுத்து வந்து உரக்கப் படித்தாள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கம்பிகளில் மின்சாரம் ஒரே திசையில் ஓடினால் அவை ஒன்றையொன்று ஈர்க்கும். எதிரெதிர்த் திசையில் ஓடினால் ஒன்றையொன்று விலக்கும். அப்பா தலையை ஆட்டிவிட்டு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தார். புத்தகம் தன்னோடு ஒத்துப்போனதில் அவருக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய்துகாட்டுவது என்று அக்கா முடிவெடுத்தாள். ஒட்டுப்பலகை ஒன்றின்மேல் மரச்சட்டம் நிறுத்தி, பிரியாணிப் பொட்டலம் சுற்றும் வெள்ளித்தாளில் இரண்டு நீள நாடாக்கள் வெட்டி, விரல் நுழையும் இடைவெளியில் அடுத்தடுத்துத் தொங்கவிட்டாள். ஒவ்வொரு தாளுக்கும் மேலே ஒரு வயர், கீழே ஒரு வயர். மேல் வயர்கள் இரண்டும் பலகையில் இருந்த சிவப்பு நட்டுக்குப் போகும். கீழ் வயர்கள் இரண்டும் கறுப்பு நட்டுக்கு. கடையில் கிடந்த லாரி பேட்டரியிலிருந்து இரண்டு கிளிப்புகளை எடுத்து அந்த நட்டுகளில் கண் இமைக்கும் நேரம் தொட்டால் போதும், தாள்கள் இரண்டும் சட்டென்று வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒன்றோடொன்று ஒட்டும். எடுத்தால் பிரிந்து நிற்கும். அதிக நேரம் தொட்டால் தாள் பொசுங்கிவிடும்.

கிளிப்பைத் தொடும் வேலை என்னுடையது. சிவப்புக் கிளிப் சிவப்பு நட்டுக்கு, கறுப்பு கறுப்புக்கு. பேட்டரி விஷயத்தில் நிறம் மாறவே கூடாது என்பது அப்பாவின் கடைச் சட்டம். விலகுவதைக் காட்டும் இரண்டாம் பாகத்தை அக்கா இன்னும் செய்து பார்க்கவில்லை. கனெக்‌ஷனை மாற்றிக் கொடுத்தால் விலகும் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தாள். எந்தக் கனெக்‌ஷனை என்று நான் கேட்கவில்லை. என் கையில் இருந்தது கிளிப். கனெக்‌ஷன் என்றால் எனக்கு அதுதான்.

இனி அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே அக்கா. பொங்கலூர்ப் பக்கம் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருந்தார். அப்பாவைப் பெற்ற பாட்டி, அவர் தவழும் வயதிலேயே இறந்துபோனார். அதற்குப் பிறகு அவரை இடுப்பில் தூக்கிச் சுமந்து, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி, திருப்பூரில் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட்டது எல்லாம் அத்தைதான். தம்பி ஒரு நிலைக்கு வரட்டும் என்று தன் கல்யாணத்தையே தள்ளிப்போட்டவர். அவர் கேட்டு அப்பா இல்லை என்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. அத்தை வந்தால் அப்பா நாற்காலியில் உட்காரமாட்டார். மோட்டாரைப் பிரித்துப் போடும் அந்த முரட்டுக் கை, அத்தையின் முன்னால் வெறுமனே வேட்டி முனையைத் திருகிக்கொண்டிருக்கும்.

அந்த அத்தை தன் மகனுக்கு அக்காவைக் கேட்டார். கேட்டார் என்பதுகூடச் சரியில்லை. அக்கா பிறந்த அன்றே தொட்டிலுக்குப் பக்கத்தில் முடிவான விஷயம் அது. நினைவூட்டினார் என்று சொல்லலாம். அத்தை மகன் நல்லவர்தான், சும்மா சொல்லக் கூடாது. எனக்குக் கை நிறைய தேன்மிட்டாய் வாங்கித் தருவார். ஆனால் அக்காவுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர வேண்டும், இயற்பியல் படிக்க வேண்டும். கல்யாணம் முடிந்த பிறகு தபாலில் படித்துக்கொள்ளட்டும் என்பது அத்தையின் யோசனை. கோழிக்குத் தீனி வைத்துவிட்டு எந்தத் தபாலில் பரிசோதனை செய்வது என்று அக்கா சமையலறையில் அழுதாள்.

அப்பாவிடம் நேராகவே கேட்டாள். "நான் படிக்கோணும்ப்பா. அத்தைகிட்ட நீங்கதான் சொல்லோணும்."

அப்பா கம்பி சுற்றிக்கொண்டே "ம்" என்றார். அந்த "ம்" சரி என்பதா, பார்க்கலாம் என்பதா, கொஞ்சம் தள்ளி நில் வெளிச்சத்தை மறைக்கிறாய் என்பதா, யாருக்கும் தெரியவில்லை. அப்பா சொல்லமாட்டார் என்று அக்கா என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அதைவிட, கல்யாணத்துக்கு எனக்கு எடுக்கப்போகும் பட்டுப்பாவாடை என்ன நிறம் என்பதில்தான் என் கவலை இருந்தது.

எங்கள் பக்கத்தில் எந்த நல்ல காரியத்துக்கும் முதலில் முருகன் கோயிலில் பூக் கேட்க வேண்டும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போட்டு, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை விட்டு எடுக்கச் சொல்வார்கள். நினைத்த பூ வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். எங்கள் உறவில் அந்த விவரம் தெரியாத குழந்தை நான்தான். கிணறு வெட்ட, பண்ணை போட, பெண் எடுக்க என்று பலபேருக்குப் பூ எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கைராசிக்காரி என்று பெயர்.

இதில் அத்தைக்கு மட்டும் ஒரு தனிச் சட்டம் உண்டு. மூன்று முறை கேட்பார். கடைசியாக வருவதுதான் கணக்கு. முதல் பூ முருகன் தூக்கக் கலக்கத்தில் கொடுப்பது, இரண்டாவது யோசித்துக் கொடுப்பது, மூன்றாவதுதான் உத்தரவு என்பார். இந்தச் சட்டத்தால் அவருக்கு வேண்டாத பூ வந்தாலும் இரண்டு முறை தப்பித்துக்கொள்ள வழி இருந்தது. ஆனால் மூன்றாவது வந்துவிட்டால் அதை மீறமாட்டார். ஒருமுறை மூன்றாவது பூ எதிராக வந்ததென்று, முன்பணம் கொடுத்திருந்த தென்னந்தோப்பையே வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தவர்.

அந்த மாதக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. சாயங்காலம் கோயிலுக்குப் போய் பூக் கேட்டு, வந்த கையோடு உறுதி செய்துவிடுவது என்று ஏற்பாடு. மதியமே அத்தை வந்துவிட்டார். கையில் அக்காவுக்கு மல்லிகைப் பூ, எனக்கு முறுக்குப் பொட்டலம். அம்மா பாயசம் வைத்தார். அக்காவைச் சேலை கட்டச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. அப்பா அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பண்ணை எப்படி, மழை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கரண்ட் போயிற்று. காற்றாடி நின்றதும் உள்ளே வெந்தது. காற்று வரும் என்று எல்லோரும் கடைப்பக்கம் வந்தோம். அத்தை வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டார். அவர் கண்ணில் மேசைமேல் இருந்த அக்காவின் சட்டம் பட்டது.

"இதென்ன கண்ணு, தோரணமாட்டத் தொங்குது?"

என்னைத் தவிர வேறு யார் பதில் சொல்வது? கரண்ட் கொடுத்தால் யாரும் தொடாமலே இரண்டும் ஒட்டிக்கொள்ளும் அத்தை என்று சொல்லி, யாரையும் கேட்காமல் கிளிப்புகளை எடுத்துத் தொட்டேன். தாள்கள் சட்டென்று ஒட்டிப் பிரிந்தன. அத்தை எழுந்தே விட்டார்.

"ஊரே கரண்டில்லாமக் கெடக்குது, இது பாரு! காத்துமில்ல, கையுமில்ல, தானாப் போயி ஒட்டுதே!"

பேட்டரி என்று ஒன்று இருப்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. அத்தை பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். பிறகு விரலை நீட்டி, இந்தப் பக்கத்துத் தாள் எங்கள் அக்கா, அந்தப் பக்கத்துத் தாள் தன் பையன் என்று பெயரும் வைத்துவிட்டார். கோயிலுக்குப் போய்க் கேட்பதை முருகனே நம்ம ஊட்டுக்கு வந்து சொல்லிவிட்டான் என்றார். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எனக்கு உள்ளூர ஒரே குஷி. பூ எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

"இன்னொருக்காப் பண்ணு கண்ணு. மூணு தடவை கேக்கோணுமல்ல."

இரண்டாவது முறை தொட்டேன். மறுபடி ஒட்டின. ஒட்டியதை அத்தை நன்றாகப் பார்க்கட்டும் என்று நான் கிளிப்பை எடுக்காமல் வைத்திருந்தேன். அத்தையின் பையனாக இருந்த தாள் நடுவில் சிவந்து, புகைந்து, பட்டென்று அறுந்து தொங்கியது. அம்மா "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டார். அத்தையின் முகம் மாறியது.

"அபசகுனமெல்லாம் இல்லீங்கக்கா" என்று அப்பா எழுந்தார். கடைப்பக்கம் வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "வெள்ளித்தாள் மெல்லிசு. சூடு தாங்காது. வேற மாட்டித் தர்றனுங்க."

மேசைமுன் குனிந்து, அறுந்த தாளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வெட்டி மாட்டினார். நட்டுகளைத் தளர்த்தி, வயர்களைச் செருகி, முறுக்கினார். ஒரு நாளைக்கு நூறு நட்டு முறுக்குகிறவருக்கு அன்று ஏனோ நேரம் பிடித்தது. அத்தைக்கு நன்றாகத் தெரியட்டும் என்று சொல்லி, பலகையையும் அவர் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு "தொடு கண்ணு" என்றார்.

பலகை திரும்பியதில் நட்டுகள் இடம் வலமாக மாறியிருந்தன. நான் பழக்கத்தில் கையை நீட்டித் தொட்டேன். சிவப்புக் கிளிப் கறுப்பு நட்டில், கறுப்பு சிவப்பில். தொட்டபிறகுதான் கவனித்தேன். அதற்குள் தாள்கள் இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வெளிப்பக்கமாக வளைந்து நின்றன. சண்டை போட்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்ட பிள்ளைகள் மாதிரி இருந்தது. நான் அலறிக்கொண்டு கிளிப்பை எடுத்துவிட்டேன்.

தெருவில் யாரோ ஜெனரேட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவில்லை.

அம்மாதான் முதலில் பார்த்தார். "அடிப்பாவி, கிளிப்பை மாத்திப் போட்டுட்டியேடி! சிவப்பு எங்க போட்டே பாரு!" முதுகில் ஒன்று வைத்தார். நான் அழ ஆரம்பித்தேன். அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், வாயை மூடிக்கொண்டாள்.

"புள்ளைய அடிக்காத" என்றார் அத்தை. அவர் குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வந்தது. "சின்னப் புள்ள கை தானா மாத்திப் போடாது. அவன் மாத்திப் போட வெச்சான். பூவு எடுக்கறதும் இந்தக் கைதான?"

அம்மா விடவில்லை. குழந்தை தெரியாமல் செய்ததை எப்படிக் கணக்கில் எடுப்பது, சரியாக மாட்டி இன்னொரு முறை பார்ப்போம் என்று கெஞ்சினார். நானும் அழுதுகொண்டே கிளிப்பை எடுத்தேன். அத்தை என் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

"மூணாயிருச்சு. நாலாவது கேக்கற வழக்கம் எனக்கில்ல" என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து, "வாக்கு வரல சாமி. நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்டார். அப்பா தலையைக் குனிந்தபடி "ஆமாங்க்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கிளம்புவதற்கு முன் அத்தை கொண்டுவந்த மல்லிகையை எடுத்து, "பூவு என்ன பாவம் பண்ணுச்சு, வெச்சுக்க கண்ணு" என்று அக்காவின் தலையில் தானே வைத்துவிட்டார். அக்கா அப்போதுதான் அழுதாள். எல்லோரும் அது கல்யாணம் நின்ற துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா கண்காட்சியில் பரிசு ஒன்றும் வாங்கவில்லை. எரிமலை செய்து குங்குமத்தைக் கக்க வைத்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கோயம்புத்தூரில் கல்லூரியில் சேர்ந்தாள். அத்தை மகனுக்குப் பல்லடம் பக்கத்தில் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் எல்லோரும் போனோம். அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஜாங்கிரி ஊட்டினார். அக்காவுக்குப் பெரிய படிப்பு எழுதியிருக்கிறது, அதனால்தான் முருகன் இங்கே எழுதவில்லை என்று வந்த ஒறம்பரைச் சொந்தங்களிடமெல்லாம் சொன்னார். அவரிடம் வருத்தம் இருந்தது. கோபம் ஒரு துளி இல்லை.

மாறிப்போனது அப்பாதான். அதற்கு முன்னால் அத்தையின் தோட்டத்தில் பம்புசெட் மோட்டார் எரிந்தால், கட்டிக்கொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு மொபெட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார். ஒரு மணி நேர வேலைக்கு ஒரு நாள் முழுக்க அங்கே இருந்துவிட்டு, அத்தை கட்டிக்கொடுத்த தயிர்ச் சோற்று வாளியோடு வருவார். அதற்குப் பிறகு மோட்டாரை இங்கே அனுப்பச் சொல்லி, சரிசெய்து, யார் கையிலாவது திருப்பிக் கொடுத்தனுப்பிவிடுவார். நோம்பி, பண்டிகைக்கு எங்களை மட்டும் அத்தை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிடுவார். அத்தை மண்ணரைக்கு வருகிறார் என்று தெரிந்தால் முதலிபாளையத்தில் ஏதோ ஒரு கம்பெனியில் அவசர வேலை இருப்பது நினைவுக்கு வந்துவிடும். அத்தை போன் செய்தால் அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். அத்தைக்குத்தான் நம்மேல் கோபம், அப்பா பயப்படுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு பொங்கல் சமயம் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கொப்பனுக்கு எம்மேல என்ன கோவம் கண்ணு? புள்ளைய வேண்டாமுன்னு சொல்லிட்டன்னா?" என்று கேட்டபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை ஜாஸ்தி அத்தை என்று சொல்லிவைத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

நானும் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தேன். அதே பாடம் வந்தது. இந்தப் பாடத்தில் எனக்குச் சொந்த அனுபவமே இருக்கிறது என்று ஆய்வகத்தில் தோழிகளிடம் பெருமை அடித்துக்கொண்டேன். வெள்ளித்தாள் தொங்கவிட்டு ஒட்டவைத்துக் காட்டினேன். இப்போது பாருங்கள், கிளிப்பை மாற்றிப் போடுகிறேன், பிய்த்துக்கொண்டு போகும் என்றேன். மாற்றிப் போட்டேன். ஒட்டிக்கொண்டன. கனெக்‌ஷன் சரியில்லை என்று சொல்லி மறுபடி மாற்றினேன். மறுபடியும் ஒட்டிக்கொண்டன. தோழிகள் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

"பேட்டரியில மாத்துனா ரெண்டு தாள்லயும்தானம்மா திசை மாறும்? அப்பவும் ரெண்டும் ஒரே பக்கம்தான ஓடுது?" என்றார் டீச்சர். "விலகோணும்னா ஏதாவது ஒரு தாளோட ரெண்டு வயரை மட்டும் மேல் கீழா மாத்தோணும்."

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்று ஒரு தாளின் வயர்களைக் கழற்றி மாட்டியது யார் என்பதை நினைவுபடுத்திக்கொள்ளத் தனியாக முயற்சி ஒன்றும் தேவைப்படவில்லை.

அன்று சாயங்காலம் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். அவளுக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கிறது. அப்பாவிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்றாள். எனக்காகப் பழி சுமந்தவள் நீ என்று ஏதோ சொல்லவந்து, பாதியில் விட்டுவிட்டாள். நான் கேட்கவில்லை. அப்பாவும் ஒருநாளும் சொல்லவில்லை. தன் அக்காவிடம் வாயைத் திறந்து இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தை இரண்டு நாள் அழுதுவிட்டு மூன்றாம் நாள் பாயசத்தோடு வந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அந்த ஒரு வார்த்தை அப்பாவுக்கு வரவில்லை. இரண்டு வயரை மாற்றத்தான் வந்தது.

கல்யாணம் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தையை பஸ் ஏற்றிவிட அப்பா போனபோது நானும் கூடப் போயிருந்தேன். வழி நெடுக அத்தைதான் பேசினார். அக்காவை நல்லபடியாகப் படிக்க வை, மனசைத் தளரவிடாதே என்று அப்பாவுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் வந்தது. அத்தை என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் படியை நோக்கித் திரும்பினார். அப்பா அப்படியே மண்ணில் விழுந்து அவர் கால் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

கல்யாணமா, கருமாதியா, ஒன்றுமில்லை. நடுரோடு. பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி நின்றார். அத்தை பதறிப்போய், "எந்திரி சாமி, எந்திரி. இதுல உன் தப்பு என்ன இருக்குது?" என்று தூக்கினார். அப்பா எழுந்திருக்கவில்லை. தோள்கள் குலுங்கின. அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் ஒருத்தி கிளிப்பை மாற்றிப் போட்டதற்கு, எனக்குப் பதிலாக அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைத்தேன். அவமானமாக இருந்தது. கண்டக்டர் விசில் ஊதியதும் அத்தை காலை விடுவித்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தபடியே பஸ் ஏறினார். அத்தை, நான் மறுபடியும் சரியாக மாட்டுகிறேன், இறங்கி வாங்க அத்தை என்று கத்தினேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

அப்பா வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டவில்லை. திரும்பி நடக்கும்போது வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார். என்னால்தான் இப்படி ஆயிற்று என்ற வெட்கத்தில் நான் பிடித்துக்கொள்ளவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தள்ளியே நடந்தேன். அவர் கொஞ்ச தூரம் நீட்டியபடியே வந்தார். ஒருமுறை என் முகத்தைப் பார்த்தார். பிறகு கையை மெல்ல எடுத்துக்கொண்டார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்கக்கூடும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.